இரண்டரை சென்டிமீட்டர்

இன்றைக்கும் யாராவது என் எதிரில் மர ஸ்கேலை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துணிக்கடைக்காரர் இரும்புக் கோலை எடுத்து அளந்தால் ஒன்றும் ஆவதில்லை. ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு போட்ட அந்தப் பள்ளிக்கூடத்து ஸ்கேலைக் கண்டால்தான். வயசானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்கு மூட்டு தேய்ந்ததுதான் மிச்சம், கோபம் அப்படியே இருக்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதியில் எனக்கு முதல் வேலை சேர்வராயன் மலையில் கிடைத்தது. நான் சேலத்துப் பெண். ஏற்காட்டுக்கு அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஏரியைப் பார்த்துவிட்டு வர, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். வேலைக்கு வந்த இடமோ ஏரி, லாட்ஜ், கடைவீதி எதுவும் கண்ணில் படாத இடம். ஏற்காட்டிலிருந்து வாழவந்தி பஸ்ஸில் பாதி வழி போய் இறங்கி, எஸ்டேட் ஜீப் போகிற மண் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மலை விளிம்பில் முப்பது வீடு, ஒரு கோயில், ஓடு வேய்ந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். அந்த அறையில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் சேர்ந்து பதினேழு பிள்ளைகள். ஒரே டீச்சர், நான்.

அந்த ஊருக்கு நேர் எதிரே இன்னொரு மலை, அதன் விளிம்பில் இன்னொரு ஊர். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம். அடியில் ஓடை. காலையில் எங்கள் வாசலில் நின்றால் எதிரூரில் எந்த வீட்டில் அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள், யார் வீட்டில் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று புகையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் போய்ச் சேர வேண்டுமானால் காப்பிச் செடிகளுக்குள் இறங்கி, பாறையைப் பிடித்துப் பிடித்து ஓடைவரை போய், தண்ணீரைத் தாண்டி, அந்தப் பக்கம் அதே மாதிரி ஏற வேண்டும். பெரியவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம். பிள்ளைகளுக்கு ஒன்றரை, இரண்டு. ரோட்டில் போகலாம் என்றால் ஏற்காடு போய்ச் சுற்றி வர வேண்டும், அது அரை நாள் வேலை.

அவ்வளவு நடப்பானேன் என்றுதான் இரண்டு ஊர்க்காரர்களும் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள். சும்மா கத்துவது என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு ஒரு முறை உண்டு. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பாறை, அதன்மேல்தான் நிற்க வேண்டும். முதலில் ‘ஓஓய்’ என்று ஒரு நீட்டு நீட்டிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். எதிரூரிலிருந்து பதில் ‘ஓஓய்’ வந்த பிறகுதான் சேதி. அதையும் இரண்டு மூன்று வார்த்தையாக உடைத்துச் சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியாக இருந்தால்தான் அடுத்தது. காற்று அடிக்கிற நேரத்தில் கூப்பிட மாட்டார்கள். கெட்ட சேதியைக் கூப்பிட்டுச் சொல்லவே மாட்டார்கள், அதற்கு ஆள் நடந்துதான் போகும். கல்யாணச் சேதி, மாடு தொலைந்த சேதி, ரேஷன் சர்க்கரை வந்த சேதி எல்லாம் அந்தப் பாறையிலிருந்துதான் போய்வந்தன. வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஒரு மாதத்தில் நானே ஏறி நின்று, எதிரூர்ப் பள்ளிக்கூடத்துச் சாரிடம் பரீட்சைத் தேதி கேட்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் ஜீப் வந்தது. மலைக்குக் கீழே இருந்த கல்வி ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி இறங்கினார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, குடிக்கிற தண்ணீர்கூட வீட்டிலிருந்து பிளாஸ்கில். பிள்ளைகள் குறைவாக இருக்கிற பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள், அதற்காகப் பார்வையிட வந்திருக்கிறேன் என்றார். என் மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். மலை, ஓடை, தோட்டம், கோயில் எல்லாம் குறித்த சர்வே வரைபடம், தாள் முழுக்கப் பழுப்பு நிறத்தில் நெளிநெளியாகக் கோடு. அதில் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தார். எதிரூரைக் கண்டுபிடித்தார். என் ஸ்கேலைத்தான் கேட்டு வாங்கினார். இரண்டு புள்ளிக்கும் நடுவில் வைத்தார்.

“இரண்டரை சென்டிமீட்டர். அப்படின்னா ஒன்றேகால் கிலோமீட்டர். பக்கத்துலதானேம்மா இருக்கு?”

“சார், நடுவுல பள்ளம் இருக்குது சார்” என்றேன்.

“மலைன்னா பள்ளம் இல்லாமயா இருக்கும்?” என்று சிரித்தார்.

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் ஊர்க்கவுண்டர் வந்துவிட்டார். அவர்தான் அந்த ஊருக்குப் பெரியவர், கோயில் காரியம் முதல் புருஷன் பெண்சாதிச் சண்டை வரை அவரிடம்தான் போகும். ஆபீஸர் ஒருவர் ஊருக்கே வந்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி வாசலுக்கு வந்து எதிரூரைக் காட்டி, “அதுதான் அந்த ஊரா?” என்றார்.

“ஆமாங்க சாமி. இங்கிருந்து கூப்புட்டா அங்க கேக்குமுங்க.”

“நிஜமாவா?”

“ஏனுங்க, பொய்யா சொல்லப் போறேன்? இருங்க, இப்பப் பாருங்க.”

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். கவுண்டர் என்னைப் பார்க்கவே இல்லை. பாறைமேல் ஏறினார், கையைக் குவித்தார், நீட்டினார் ஒரு நீட்டு. அன்றைக்கென்று காற்றும் இல்லை. எதிரூரிலிருந்து மணிபோல பதில் வந்தது. ஆபீஸர் வந்திருப்பதைச் சொன்னார், அதைத் திருப்பிச் சொன்னார்கள். காப்பி கொடுத்தாச்சா என்று அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டாள், அதுவும் தெளிவாகக் கேட்டது. அதிகாரிக்கு ஒரே குஷி. இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லிக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, தன் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். கவுண்டர் ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே நடந்தார்.

கோடை விடுமுறைக்கு முன்னால் உத்தரவு வந்தது. எங்கள் பள்ளியை மூடி, எதிரூர்ப் பள்ளியோடு சேர்க்க வேண்டும். பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க வேண்டும். நானும் அங்கே இரண்டாவது டீச்சராகப் போக வேண்டும். காரணம் என்று இரண்டே வரி. வரைபடத்தின்படி ஒன்றேகால் கிலோமீட்டர். நேரில் பார்த்தபடி, குரல் எட்டும் தொலைவு.

நுணலும் தன் வாயால் கெடும் என்று அன்றைக்குக் கவுண்டரைத் திட்டினேன், அவர் காதுபடவே. “நொம்பத் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். அப்புறம் யோசித்தால் அவரைத் திட்டியதுதான் தப்பு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நம்மிடம் இருப்பதில் ஒசத்தியானதைக் காட்டுவது யாரும் செய்வதுதானே. அந்த ஊருக்கு இருந்த ஒசத்தி அந்தக் குரல். அதைக் காட்டினார். அதை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கே பூட்டுப் போட ஒருத்தன் வருவான் என்று அவர் கனவிலா கண்டார்?

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. பக்கத்து எஸ்டேட் ஆபீஸ் சுவரில் அதே வரைபடம் மாட்டியிருந்தது. அங்கே கணக்குப் பார்த்த ரைட்டர் நல்ல மனுஷர், இறக்கிக் கொடுத்தார். அதன்மேல் எண்ணெய்த்தாளை வைத்து எங்கள் பள்ளத்தை மட்டும் நகல் எடுத்தேன். அந்தப் பழுப்புக் கோடுகள் என்னவென்று எனக்கு ஆசிரியர் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு இருபது மீட்டர் உயர வித்தியாசம். கோடு விலகி விலகி இருந்தால் சாய்வு, நெருங்கி இருந்தால் செங்குத்து. எங்கள் ஊரிலிருந்து ஓடை வரைக்கும் எண்ணினேன், பதினான்கு கோடு. ஓடையிலிருந்து எதிரூர் வரைக்கும் பதிமூன்று. சில இடத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியே போயிருந்தன, பென்சில் முனையை நுழைக்க இடமில்லை. அதாவது அந்த வரைபடம் பொய்யே சொல்லவில்லை. எவனோ ஒரு சர்வேக்காரன் வெயிலிலும் பனியிலும் ஏறி இறங்கி, அந்தப் பள்ளத்தை ஒரு கோடு விடாமல் எழுதி வைத்திருக்கிறான். அவன் எழுதியதன்மேல் ஸ்கேலை வைத்து மறைத்துவிட்டார்கள்.

எண்ணெய்த்தாளைச் சுருட்டிக்கொண்டு மலையிறங்கினேன். அதிகாரி உட்காரச் சொன்னார், நான் சொன்னதைக் கேட்கவும் கேட்டார். பதினான்கு கோடு இறக்கம், பதிமூன்று கோடு ஏற்றம், ஆறு வயசுப் பிள்ளை தினமும் இரண்டு வேளை என்றேன். மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட முடியாது என்றேன். எட்டிப் பார்த்தார். கோடுகளை விரலால் ஒரு தடவை தடவிக்கூடப் பார்த்தார்.

“நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா படிவத்துல தூரம்னு ஒரு கட்டம்தான் இருக்கு. உயரத்துக்குக் கட்டம் இல்லையே.”

“ஓரத்துல எழுதலாமே சார்.”

“ஓரத்துல எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க. அதுவும் போக, குரல் கேட்டதை நானே காதால கேட்டேனே.”

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்களுக்கு அந்த ஏட்டையும் வாசிக்கத் தெரியவில்லை. பஸ் ஏறி மலைக்கு வரும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்த மனிதரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அங்கே சொல்லாமல் விட்ட பதிலெல்லாம் அப்போதுதான் வரிசையாக வந்தது.

ஜூனில் எதிரூரில் அறை எடுத்துக் குடி போனேன். முதல் பத்து நாள் பதினேழு பிள்ளைகளும் வந்தார்கள், கூடவே யாராவது ஒரு பெரியவர். பெரியவர்கள் எத்தனை நாள் கூலி வேலையை விட்டுவிட்டு வருவார்கள்? மூன்றாவது வாரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றுபோனார்கள். காட்டெருமை ஒன்று ஓடையோரம் நின்றதைப் பார்த்த பிறகு பெண்பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். விடாமல் வந்தவர்களில் ஒருத்தி நான்காம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கான வருகைப்பதிவேட்டில் அவள் எண் ஒன்பது. கணக்கில் புலி. கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு துடிப்பாள். டீச்சராகப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அதற்கு ஐந்தாம் வகுப்பைத் தாண்ட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்தது. ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஒரு காலையில் யாருமே வரவில்லை. மணி அடித்துவிட்டு நிற்கிறேன், எதிரே எங்கள் ஊர்ப் பாறையிலிருந்து சின்னக் குரலில் ஒரு ‘ஓஓய்’. ஒன்பதாம் எண்தான்.

“டீச்சர்! ஓடையில தண்ணிங்க! எங்கூட்ல வுடலீங்க!”

முறைப்படி நானும் திருப்பிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த உத்தரவு ஞாபகம் வந்தது. உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து, பள்ளிக்கூட விளிம்பில் நின்று, கையைக் குவித்து, “ஒன்று!” என்று கூப்பிட்டேன். ஒன்பதாம் எண் ஓடிப் போய் ஒன்றாம் எண்ணைக் கூட்டி வந்தாள். பிறகு வந்தது, “உள்ளேனுங்க டீச்சர்!” இரண்டு, மூன்று, நான்கு என்று கூப்பிடக் கூப்பிட அந்தப் பாறையில் பிள்ளைகள் கூடினார்கள். அன்றைக்கு ஏழாம் வாய்ப்பாட்டைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரியும் அந்தப் பக்கம் ஒரு வரியுமாகச் சொன்னோம். காப்பித் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் நடுவில் நின்று சிரித்தார்கள். கவுண்டர் குடையோடு வந்து பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அப்படியே நாற்பது நாள் போல நடந்தது. காற்றடித்தால் லீவு. பதிவேட்டில் அத்தனை பேருக்கும் வருகை என்றே போட்டேன். எதிரூர்ப் பள்ளித் தலைமையாசிரியர் பயந்த சுபாவம், “ஏனுங்க டீச்சர், இது வம்புங்க” என்று தினமும் ஒரு தடவை சொல்வார். குரல் எட்டினால் பக்கம் என்று உத்தரவிலேயே இருக்கிறது சார், பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு வராதது என்று எப்படிப் போடுவது என்பேன்.

வம்பு ஜீப்பில் ஏறி வந்தது. அதே அதிகாரி, அதே பிளாஸ்க். பதிவேட்டைப் பார்த்தார், அறையில் தலைகளை எண்ணினார். முகம் சிவந்தது.

“பதினேழு பேர் குறையுதே. எங்கம்மா?”

“அங்க இருக்காங்க சார்” என்று பள்ளத்துக்கு அந்தப் பக்கம் காட்டினேன். அவர் எதிரிலேயே கூப்பிட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் வந்தது. “நீங்கதானே சார் எழுதினீங்க, குரல் எட்டும் தொலைவுன்னு. நான் கூப்பிடறேன், அவங்க சொல்றாங்க.”

பயமில்லாமல் சொன்னேன் என்று சொன்னால் பொய். அவர் பதிவேட்டைப் பட்டென்று மூடினார்.

“விளையாடறீங்களா? அவ்வளவு பக்கத்துல இருந்துகிட்டு ஏன் வரல? எங்க, ஒரு பிள்ளையை வரச் சொல்லுங்க. நானும் பார்க்கறேன்.”

அந்த வாரம் மழை விட்டிருந்தது, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசிக்கவே இல்லை.

“ஒன்பது! வா கண்ணு! சார் பாக்கோணுமாம்!”

“வாரேனுங்க!”

நீலப் பாவாடை ஒன்று பாறையிலிருந்து குதித்துக் காப்பிச் செடிகளுக்குள் மறைந்தது. கூடவே கவுண்டரின் தலைப்பாகையும் இறங்கியது தெரிந்தது. அதிகாரி நாற்காலியை வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால்.

அவள் வந்துசேர நேரமாகும். அதற்குள் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் திரும்ப வந்தது, நான் மாற்றலாகிப் போய்ப் பல வருஷம் கழித்து, வேறு யாரோ வேறு ஏதோ படிவத்தை நிரப்பியதால். அந்தப் பதினேழு பேரில் ஐந்தாம் வகுப்பை முடித்தது இரண்டு பையன்கள், அதுவும் எதிரூரில் மாமன் வீடு இருந்ததால். தை மாசம் காப்பிப் பழம் எடுக்கப் போனவர்களில் ஒன்பதாம் எண்ணும் உண்டு. பிறகு அவள் பாறைக்கும் வரவில்லை. எஸ்டேட்டில் எடை போடும்போது, யார் கூடையில் எத்தனை கிலோ என்று கூட்டி ரைட்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாளாம். ரைட்டரே என்னிடம் சொன்னார், பெருமையாக. எனக்கு அழுகைதான் வந்தது.

பத்தே முக்காலுக்கு அதிகாரிக்கு டீ வந்தது. பதினொன்றுக்கு எழுந்து உலாத்தினார். “இன்னுமா?” என்றார். “இப்பதான் சார் ஓடைகிட்ட இருப்பா” என்றேன். பதினொன்றேகாலுக்குப் பனி இறங்கத் தொடங்கியது. டிரைவர் ஹாரன் அடித்தார். மஞ்சக்குட்டைப் பக்கம் இன்னொரு பள்ளி பார்க்க வேண்டும், பனி மூடினால் ஜீப் போகாது என்றார் அதிகாரி. இன்னும் கொஞ்சம் இருங்கள் சார், ஏறிக்கொண்டிருப்பாள் என்று கெஞ்சினேன். நான், அந்த ஆளிடம், கெஞ்சினேன். அவர் பார்வைப் புத்தகத்தை வாங்கி, அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே வருகை போட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பள்ளத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. தினமும் வா என்று உத்தரவு போட்ட வழியை ஒரு குழந்தை ஒரே ஒரு தடவை நடந்து முடிக்கும்வரை அந்த மனிதரால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பதினொன்றரைக்கு ஜீப் கிளம்பிவிட்டது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் வந்தாள். கவுண்டர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் எங்கோ ஏறிக்கொண்டிருந்தார். பாவாடை தொடைவரை நனைந்திருந்தது, முழங்காலில் சிராய்ப்பு. ஆபீஸர் பார்க்கப் போகிறார் என்று ஓடைத் தண்ணீரைத் தொட்டுத் தலையைப் படிய வாரியிருந்தாள். சிலேட்டை மட்டும் நனையாமல் ரவிக்கைக்குள் செருகி வைத்திருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்தால் கை கட்டி நிலைப்படிக்கு வெளியே நிற்க வேண்டும், அது நான் போட்ட சட்டம். அவள் அப்படியே போய் நின்றாள். காலி நாற்காலியைப் பார்த்தாள்.

“சார் எங்கீங்க டீச்சர்?”

“போயிட்டாரு கண்ணு.”

அவள் தலை குனிந்தது.

“நான் லேட்டுங்களா டீச்சர்?”

இல்லை கண்ணு, நீ லேட் இல்லை, உள்ளே வா என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அவள் நம்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.